ஹாஃப் காக்கில் நிற்காத குதிரை: பழைய மவுண்டன் ரைஃபிளுக்கு லாக் பாகம் தேடியது

என் .50 காலிபர் சிவிஏ மவுண்டன் ரைஃபிள், குழல்வாய் வழியாக மருந்தும் குண்டும் நிரப்பும் மஸில் லோடர், இப்போது ஹாஃப் காக்கில் (குதிரையைப் பாதி பின்னிழுத்து நிறுத்தும் பாதுகாப்பு நிலை) ஒழுங்காக நிற்கிறது. குதிரையை, அதாவது கேப்பை அடிக்கும் சுத்தியலை, கட்டைவிரலால் முன்னே தள்ளினாலும் சரி, டிரிகரை இழுத்தாலும் சரி, விழுவதில்லை. கோடையில் வாங்கிய துப்பாக்கி இந்த நிலைக்கு வர அடுத்த வசந்தம் ஆகிவிட்டது. பெரும்பாலான நேரம் வேலையில் போகவில்லை, லாக்குக்கு, அதாவது குதிரையை இயக்கும் பொறிக்கு, பாகம் தேடுவதில் போனது. இதே மாதிரி துப்பாக்கியை வைத்துக்கொண்டு "பாகமெல்லாம் இனிமேல் கிடைக்காது, லாக்கையே மாற்று" என்ற பதிலைக் கேட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதிவைக்கிறேன்.

முதலிலேயே ஒன்று. நான் இருப்பது அமெரிக்காவில், ஓஹையோவில். இங்கே 1968-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் இந்த வகை மஸில் லோடர்களைப் பழங்காலத் துப்பாக்கி என்ற வகையில் தனியாக ஒதுக்கிவிட்டதால், பாகங்கள் சாதாரணத் தபாலில் வீட்டுக்கு வரும். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு படைக்கலச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே உரிமம் வேண்டும். ஊரில் தாத்தா காலத்து உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் திருப்புளியை எடுக்க வேண்டாம்.

சிவிஏ என்றால் கனெக்டிகட் வேலி ஆர்ம்ஸ். 1971-இல் தொடங்கிய நிறுவனம். பெயர் அமெரிக்காவுடையது என்றாலும் துப்பாக்கிகள் பெரும்பாலும் ஸ்பெயினில் செய்யப்பட்டு இங்கே வந்தவை. முழுதாகவும் விற்றார்கள், வீட்டிலேயே உட்கார்ந்து பூர்த்தி செய்துகொள்ளும் கிட்டாகவும் விற்றார்கள். என்னுடையது கிட். கட்டையில் அரம் போட்ட கோடுகளும், கட்டையும் உலோகமும் சேரும் இடத்தில் அப்பிய பசையும் அதைச் சொல்லின. இறந்துபோன ஒருவரின் வீட்டுச் சாமான்களை விற்ற இடத்தில் 180 டாலருக்குக் கிடைத்தது. 32 அங்குல எட்டுப் பட்டைக் குழல், உள்ளே துரு அரித்த பள்ளம் அதிகம் இல்லை. குதிரை மட்டும் ஹாஃப் காக்கில் நிற்காமல் நழுவி விழுந்தது. அதனால்தான் விலை குறைவு.

வாங்கியதும் லாக்கில் கை வைக்கவில்லை. ராம்ராடைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயருகே டேப் ஒட்டி அடையாளம் வைத்து, வெளியே எடுத்துக் குழலின் மேலேயே நீளவாக்கில் வைத்துப் பார்த்தேன். கோலின் நுனி நிப்பிள் (வெடிக்கும் கேப்பை மாட்டும் முனை) இருக்கும் இடம்வரை வர வேண்டும். ஓரிரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே மருந்தும் குண்டும் கிடக்கிறது என்று அர்த்தம். பரணில் கிடந்த மஸில் லோடர்கள் இப்படி நிரம்பியே கைமாறுவது உண்டு. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை வருடமானாலும் பற்றும். என்னுடையது காலி.

லாக்கைப் பிரிக்க மெயின் ஸ்பிரிங் வைஸ் ஒன்று வாங்கினேன், 32 டாலர். இதில் கஞ்சத்தனம் கூடாது. இந்த லாக்கில் இருப்பது மடித்த தகடு போன்ற வி வடிவ ஸ்பிரிங். குறடால் பிடித்து அழுத்தினால் தேவைக்கு மேல் மடங்கி முறியும், இல்லாவிட்டால் பறக்கும். குதிரையை ஃபுல் காக்கில் (சுடத் தயாராக முழுதாகப் பின்னிழுத்த நிலை) வைத்து, ஸ்பிரிங்கின் மேல் வைஸை மாட்டி, விரல் பலத்துக்குத் திருகி, பிறகு குதிரையைப் பிடித்து நிறுத்தும் நெம்பான சியரை விடுவித்துக் குதிரையை இறக்கினால் ஸ்பிரிங் தானாகத் தளர்ந்து கையோடு வரும். அப்புறம் பிரைடில் (உள்பாகங்களைத் தாங்கும் தகடு) திருகுகள், பிரைடில், சியர். கடைசியாகக் குதிரையின் திருகைக் கழற்றி, டம்ப்ளரின் தண்டைப் பித்தளைக் குச்சியால் உள்பக்கமாகத் தட்டி எடுக்க வேண்டும். குதிரையைத் திருப்புளியால் நெம்பி எடுத்தால் லாக்கின் பிளேட்டில் தழும்பு விழும். என் லாக்கில் அந்தத் தழும்பு ஏற்கெனவே இருந்தது. யாரோ எனக்கு முன்னால் பிரித்திருக்கிறார்கள். திருகுகளை அட்டையில் லாக்கின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்திவைத்தேன். எல்லாம் ஒன்று போலத் தெரிந்தாலும் நீளம் வேறு வேறு.

உள்ளே பழுது வெளிப்படையாகவே இருந்தது. டம்ப்ளர் என்பது குதிரையோடு சேர்ந்து சுழலும் உள்பாகம். அதில் இரண்டு வெட்டுகள். ஃபுல் காக் வெட்டு ஆழம் குறைந்தது. ஹாஃப் காக் வெட்டு ஆழமாக, சியரின் மூக்கைக் கவ்விக்கொள்ளும்படி உதட்டோடு இருக்க வேண்டும். அந்த உதடுதான் உடைந்திருந்தது. சியர் மூக்கின் ஒரு மூலையும் மழுங்கியிருந்தது. சரி, ஒரு டம்ப்ளர் வாங்கினால் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

டம்ப்ளர் தேடும் படலம் இங்கே தொடங்குகிறது. சிவிஏ என்ற பெயர் இன்றும் இருக்கிறது. ஆனால் 1999-இல் அது ஜார்ஜியாவில் உள்ள வேறு நிறுவனத்துக்குக் கைமாறிவிட்டது. இப்போது அந்தப் பெயரில் வருபவை நவீன வகைத் துப்பாக்கிகள். லாக் பக்கவாட்டில் இருக்கும் பழைய சைடுலாக்குக்கு அங்கே போய்ப் பயனில்லை. அடுத்து நியூயார்க் மாநிலத்தில் உள்ள நியூம்ரிச். பழைய துப்பாக்கிப் பாகங்களுக்குப் பெயர்போன கடை. அவர்களிடம் கிடைக்கும் பிரித்து வரைந்த படங்கள் பொன்னானவை. பாகத்தின் சரியான பெயர் தெரியாமல் யாரிடமும் எதையும் கேட்க முடியாது. அந்தப் படம்தான் எனக்குப் பெயர்களைக் கற்றுக்கொடுத்தது. நான் தேடிய டம்ப்ளர் அப்போது இருப்பில் இல்லை. டென்னசி யூனியன் சிட்டியில் 1954 முதல் இருக்கும் டிக்ஸி கன் வொர்க்ஸ், மினசோட்டாவின் ட்ராக் ஆஃப் த வுல்ஃப் இரண்டிலும் பார்த்தேன். இரண்டிலும் லாக் பாகங்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் கையால் துப்பாக்கி செய்பவர்களுக்கான லாக்குகளுக்கு உரியவையே அதிகம்.

நடுவில் ஆன்லைன் ஏலம் ஒன்றில் "ஸ்பானிஷ் லாக், முழுதாக" என்று வந்ததை 48 டாலருக்கு எடுத்தேன். படத்தில் அச்சாக ஒன்றுபோல இருந்தது. கையில் வந்ததும் பிளேட் அரை அங்குலம் குட்டை. டம்ப்ளரும் சிறியது. சிவிஏ பெயரிலேயே கென்டக்கி, ஹாகன், மவுண்டன் என்று பல வகை, அத்தனைக்கும் பல ஆண்டு மாற்றங்கள். இரண்டு திருகு மட்டும் பயன்பட்டது. ஏலத்தில் எடுப்பதானால் விற்பவரிடம் பிளேட்டின் உள்பக்கத்தை ஸ்கேலோடு சேர்த்துப் படம் கேளுங்கள். வெளிப்பக்கப் படம் செதுக்கலைக் காட்டும், வேறொன்றும் காட்டாது.

லாக்கையே மாற்றுவது என்ற வழியும் உண்டு. தென் கரோலினாவின் எல் அண்ட் ஆர் லாக் கம்பெனி, சிவிஏ, தாம்சன் சென்டர் போன்ற தயாரிப்புகளுக்கு மாற்று லாக்குகளைச் செய்கிறது. தரமானவை. விலை அப்போது 200 டாலரை ஒட்டி வந்தது. கட்டையில் கொஞ்சம் குடைய வேண்டியும் வரலாம். 180 டாலர் துப்பாக்கிக்கு 200 டாலர் லாக் என்பது எனக்கு ஒப்பவில்லை. சுடுவது மட்டும்தான் நோக்கம் என்றால் அதை வாங்குவதே சரி. எனக்கு இந்த லாக்கை ஓடவைக்க வேண்டும் என்ற வீம்பு வந்துவிட்டது.

செப்டம்பரில் இண்டியானாவின் ஃப்ரெண்ட்ஷிப் கிராமத்துக்குப் போனேன். 1933-இல் தொடங்கிய தேசிய மஸில் லோடிங் ரைஃபிள் சங்கம் ஜூனிலும் செப்டம்பரிலும் அங்கே போட்டி நடத்துகிறது. போட்டியை விட்டுத்தள்ளுங்கள், வரிசையாகப் போடும் கடைகளுக்காகவே போகலாம். சுருட்டுப் பெட்டிகள் நிறைய துருப்பிடித்த சியரும் குதிரையும் திருகும் கொட்டிவைத்திருப்பார்கள். ஒரு மேசையில் இருந்த பெரியவரிடம் என் உடைந்த டம்ப்ளரைக் காட்டி, இது போல ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன். அவர் அதை விளக்கடியில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஃப்ளை எங்கே?" என்றார்.

டம்ப்ளரின் முகத்தில் ஒரு சின்னக் குழியும் துளையும் இருந்ததை நான் பார்த்திருந்தேன். எண்ணெய்க்கான துளை என்று நினைத்து விட்டுவிட்டேன். அதில் ஊசலாட வேண்டிய குட்டித் துண்டுதான் ஃப்ளை. பாதி அரிசி மணி அளவுதான் இருக்கும். என்னுடையது போலச் செட் டிரிகர் (முன்பே செட் செய்தால் லேசாகத் தொட்டதும் விடும் டிரிகர்) உள்ள துப்பாக்கியில் அது இல்லாமல் முடியாது. சாதாரண டிரிகரில் விரல் சியரைத் தூக்கிப் பிடித்தபடியே இருக்கும். செட் டிரிகரோ சியரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உடனே விலகிவிடும். குதிரை விழும் பாதையில் சியர் மறுபடி கீழே வந்து ஹாஃப் காக் வெட்டில் போய் முட்டும். ஃப்ளை அந்த வெட்டின் வாயை அந்த நொடியில் மறைத்துக்கொண்டு சியரைத் தாண்டவிடும். அது இல்லையென்றால் ஒவ்வொரு முறை சுடும்போதும் மூக்கும் உதடும் மோதிக்கொள்ளும். என் லாக்கில் நடந்தது அதுதான். கிட்டைக் கட்டியவர் பிளேட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்க லாக்கைப் பிரித்திருப்பார், ஃப்ளை எங்கேயோ தரையில் உருண்டிருக்கும், மீதியை அவர் பூட்டியிருப்பார். புது டம்ப்ளரை மட்டும் நான் வாங்கிப் போட்டிருந்தால் அதுவும் அடுத்த கோடைக்குள் உடைந்திருக்கும்.

பெரியவரிடம் டம்ப்ளர் இல்லை. ஆனால் முகவரி இருந்தது: அதே இண்டியானாவில் வால்ட்ரன் என்ற ஊரில் உள்ள டியர் கிரீக் ப்ராடக்ட்ஸ். பழைய சிவிஏவின் மிச்சப் பாகங்கள் அவர்களிடம்தான் போய்ச் சேர்ந்தன. போனில்தான் பேசினேன். இந்த மாதிரி இடத்துக்குப் போன் செய்யும் முன் தயாராக இருக்க வேண்டும். குழலில் பொறித்திருப்பது என்ன, காலிபர் என்ன, ஒற்றை டிரிகரா செட் டிரிகரா, மெயின் ஸ்பிரிங் தகடா சுருளா, பிளேட்டின் நீளம், டம்ப்ளரின் சுற்றுத்தண்டு விட்டம், குதிரை உட்காரும் சதுரத்தின் பக்க அளவு. இத்தனையும் தாளில் எழுதி முன்னால் வைத்திருந்தேன், வெர்னியரால் அளந்து மில்லிமீட்டரில். ஸ்பானிஷ் துப்பாக்கியை அங்குலத்தில் அளந்தால் எண்கள் அசிங்கமாக வரும். டம்ப்ளர் இருந்தது. ஃப்ளை இல்லை. தபால் செலவோடு 34 டாலர்.

ஃப்ளைக்கு முதலில் ஒரு கடையில் பொது வகையாக விற்பதை 7 டாலருக்கு வாங்கினேன். அதன் அச்சு என் டம்ப்ளரின் துளையை விடத் தடித்தது. துளையைப் பெரிதாக்கலாம், ஆனால் டம்ப்ளர் கடினப்படுத்திய எஃகு. டிரில் பிட் வழுக்கும். 34 டாலர் பாகத்தைப் பணயம் வைப்பதைவிட 7 டாலரை மறப்பது மேல். சொந்தமாகவே செய்வது என்று முடிவு.

அதற்கு முன் டம்ப்ளரைப் பொருத்தும் வேலை. பழைய இருப்பிலிருந்து வரும் பாகம் அப்படியே உட்காரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். புதியது பழையதை விட 0.15 மி.மீ. தடித்திருந்தது. பிரைடிலை மாட்டித் திருகை முடுக்கினால் டம்ப்ளர் இறுகிக்கொண்டது. திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினால் சுழன்றது. திருகைத் தளர்வாகவே விட்டுவிடலாம் என்று தோன்றும். இரண்டு நாள் சுட்டால் அது முழுதாகக் கழன்றுவிடும். டம்ப்ளரின் முகத்தில் நீல மை பூசி, மாட்டி, சுழற்றி, எங்கே உரசுகிறது என்று பார்த்து, கண்ணாடித் தகட்டின் மேல் வைத்த 400 நம்பர் எமரித் தாளில் எட்டு வடிவில் தேய்த்தேன். வெட்டுகள் இருக்கும் விளிம்பை எமரி தொடக்கூடாது. எல்லாத் திருகும் முழுதாக முடுக்கிய பிறகும் ஸ்பிரிங் இல்லாமல் டம்ப்ளர் தன் எடையிலேயே ஆட வேண்டும். அதுவரை தேய்க்க வேண்டியதுதான்.

அடுத்தது குதிரை. டம்ப்ளரின் சதுரம் குதிரையின் சதுரத் துளையில் தட்டினால்தான் இறங்க வேண்டும். கையால் இறங்கினால் தொளதொளப்பு. எனக்கு இறங்கவே இல்லை. குதிரையின் துளையை அரம் போடுவது தவறு. குதிரை இன்னும் அரிதான பாகம். டம்ப்ளரின் சதுரத்தில் நாலு பக்கமும் மை பூசி, உரசும் இடத்தை மட்டும் எண்ணெய்க்கல்லால் எடுத்தேன். ஒரே பக்கம் எடுத்தால் குதிரை சாய்ந்து, முகம் நிப்பிளின் நடுவில் விழாது. விழுந்த நிலையில் குதிரை நிப்பிளைத் தொட்டு நிற்க வேண்டும், டம்ப்ளர் உள்ளே எதிலும் முட்டி நிற்கக்கூடாது. என்னுடையது மயிரிழை இடதுபக்கம் விழுகிறது. கேப் வெடிக்கிறது, அதனால் விட்டுவிட்டேன்.

இனி ஃப்ளை. 1/8 அங்குல ஓ-1 டிரில் ராட் (கருவி எஃகுக் கம்பி) மூன்றடி நீளம் 6 டாலர். இந்த வேலைக்கு ஆயுசுக்கும் போதும். டம்ப்ளரின் துளையில் டிரில் பிட்டுகளின் தண்டை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்து விட்டத்தைக் கண்டுபிடித்தேன். லேத் கிடையாது. ராடைக் கை டிரில்லின் வாயில் பூட்டி, டிரில்லை மேசை வைஸில் பிடித்து ஓடவிட்டு, தட்டை அரத்தால் நுனியைத் தேய்த்து அச்சை எடுத்தேன். பிறகு அதன் தலையை இரண்டு பக்கமும் தட்டையாக்கி, இலை வடிவுக்கு அரம். நீளத்தில்தான் சூட்சுமம். நீளம் அதிகமானால் சியர் ஹாஃப் காக்குக்குள்ளேயே நுழையாது. குறைந்தால் தாண்டும்போது முட்டும். அதனால் வேண்டுமென்றே நீளமாக விட்டு, லாக்கை மாட்டி, பார்த்து, பிரித்து, ஒரு இழுப்பு அரம், மறுபடி மாட்டி. மெயின் ஸ்பிரிங் இல்லாமல், சியர் ஸ்பிரிங்கோடு மட்டும் செய்தால் வேகமாக நடக்கும். சியர் ஹாஃப் காக்கில் "டக்" என்று முழுதாக விழும் நிலை வந்ததும் நிறுத்த வேண்டும்.

கடினப்படுத்த புரொபேன் டார்ச். காந்தம் ஒட்டாத அளவுக்குச் சூடேற்றி, இன்னும் கொஞ்சம் ஏற்றி, இளஞ்சூட்டில் இருந்த சமையல் எண்ணெயில் போட்டேன். அரம் வழுக்கினால் கடினமாகிவிட்டது என்று அர்த்தம். அடுத்தது டெம்பர். டோஸ்டர் ஓவனில் 230 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்ததில் வைக்கோல் நிறம் வந்தது. "இனிமே அந்த ஓவன்ல நான் எதையும் சுடமாட்டேங்க" என்றார் மனைவி. பழைய ஓவன் பட்டறைக்கு வந்தது, சமையலறைக்குப் புதியது வந்தது. அதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அந்த ஃப்ளை முழு ஸ்பிரிங்கோடு போட்ட சோதனையில் நுனி தெறித்தது. வைக்கோல் நிறம் வெட்டும் கருவிக்குச் சரி. அடி வாங்கும் இந்தத் துணுக்குக்கு இன்னும் இளக வேண்டும். இரண்டாவதைப் பளபளப்பாகத் தேய்த்து, பித்தளைத் தகட்டின் மேல் வைத்து, அடியில் தீ காட்டி, ஊதா தாண்டி நீலம் வந்ததும் எண்ணெயில் தள்ளினேன். அது நிற்கிறது.

சியரின் மூக்கை எண்ணெய்க்கல்லில் பழைய கோணத்திலேயே நேராக்கினேன். மழுங்கிய மூலை மறையும் வரை மட்டும். மேல்தோல் மட்டும் கடினமான பாகமாக இருந்தால் அதிகம் தேய்ப்பது ஆபத்து. இந்த லாக்கில் ஃபுல் காக்கில் சியர் எவ்வளவு ஆழம் நுழையலாம் என்பதைக் கட்டுப்படுத்த ஒரு குட்டித் திருகு உண்டு. முன்பு இருந்தவர் இழுப்பு லேசாக இருக்க வேண்டும் என்று அதை எக்கச்சக்கமாக உள்ளே திருகியிருந்தார். செட் டிரிகர் இருக்கும்போது அதற்குத் தேவையே இல்லை. செட் செய்தால் தொட்டாலே போதும். வெளியே திருகி ஆழத்தைக் கூட்டினேன்.

சோதனையில் குதிரையை வெறும் நிப்பிளின் மேல் விடவில்லை, நடுவில் தடித்த தோல்துண்டு. ஹாஃப் காக்கில் வைத்துக் கட்டைவிரலால் முழு பலத்தில் தள்ளினேன். ஃபுல் காக்கில் வைத்துத் துப்பாக்கியின் அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் தட்டினேன். செட் செய்து விடுவித்துக்கொண்டே இருந்தேன், பிறகு பிரித்து லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) உதட்டைப் பார்த்தேன். மோதிய தடம் இல்லை. அதற்குப் பிறகே வெறும் கேப், அதன்பின் ரேஞ்சில் 50 கிரெய்ன் மருந்தும் வட்டக் குண்டும்.

துப்பாக்கியின் விலை போகச் செலவு: வைஸ் 32, பயன்படாத ஏல லாக் 48, டம்ப்ளர் 34, பயன்படாத ஃப்ளை 7, டிரில் ராட் 6, நீல மை 8, எண்ணெய்க்கற்கள் 21. மொத்தம் 156 டாலர். ஏல லாக்கையும் கடை ஃப்ளையையும் கழித்தால் 101. அதில் பாதிக்கு மேல் கருவிகள், அவை மிஞ்சும்.

அடுத்த முறை இன்னொரு பழைய லாக் கையில் வந்தால், உடைந்த பாகத்தைத் தேடக் கிளம்புமுன் பிரித்து வரைந்த படத்தை வைத்து ஒவ்வொரு பாகமாக எண்ணுவேன். ஏலத்தைக் கடைசிக்குத் தள்ளுவேன், போனை முதலில் எடுப்பேன். டம்ப்ளரை வாங்கும்போதே சியரும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். பழைய மூக்கைத் தேய்த்து ஓட்டுகிறேன், இன்னொரு முறை தேய்க்க அதில் இடமில்லை. இருப்பு தீர்வதற்குள் அதையும், ஒரு மெயின் ஸ்பிரிங்கையும் வாங்கிவைக்கப் போகிறேன். அதே ராடில் இன்னும் இரண்டு ஃப்ளை செய்து நீளம் விட்டு வைத்திருக்கிறேன். லாக்கைப் பிரிக்கும்போது இப்போதெல்லாம் கீழே ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்கிறேன்.